அடிப்பதற்கு முன் பிடியுங்கள்

நெல் வயலில் புகையான் விழுந்துவிட்டது என்று ஒரு விவசாயி வேளாண் அலுவலரிடம் போய் நிற்கிறார். மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அலுவலர் கேட்பது, “தூருக்கு எத்தனை இருக்கிறது?” என்றுதான். தூருக்கு ஒரு பூச்சி என்ற கணக்கைத் தொட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுத்துக்கொள்ளலாம். மிச்சத்தைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். இதற்குப் ‘பொருளாதாரச் சேத நிலை’ என்று பெயர். விளக்குப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி என்று வயலில் வைக்கச் சொல்வதெல்லாம் பூச்சியை ஒழித்துக்கட்ட மட்டுமல்ல. வந்திருப்பது என்ன பூச்சி, எவ்வளவு, எப்போது என்று தெரிந்துகொள்ளவும்தான். இந்தப் பாடத்தை அரசு பல ஆண்டுகளாக விவசாயிக்கு நடத்திவருகிறது.

அதே அலுவலர் வீட்டுக்குப் போகிறார். இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போடுகிறார். மேடையில் ஒரு கரப்பான் ஓடுகிறது. கை தானாக ஸ்பிரே டப்பாவைத் தேடுகிறது. என்ன கரப்பான், எங்கிருந்து வந்தது, ஒன்றா ஒன்பதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரு பூச்சி கண்ணில் பட்டாலே வீட்டில் சேத நிலையைத் தாண்டியாகிவிட்டது. வயலில் ஏக்கர் கணக்கில் தெளிக்கும் மனிதரிடம் எதிர்பார்க்கும் நிதானத்தை, பத்துக்கு எட்டு சமையலறையில் தெளிப்பவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இத்தனைக்கும் வயலில் காற்று உண்டு, வெயில் உண்டு, அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. சமையலறையில் மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே மேடையில் தேங்காய் துருவியாக வேண்டும்.

நான் ஜீவகாருண்யம் பேச வரவில்லை. கொசுவைக் கொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. சொல்ல வருவது வேறு: பூச்சியைப் பிடிப்பது என்பது மருந்து வாங்க முடியாதவர்கள் செய்யும் இரண்டாம்தர வேலை அல்ல. அதுதான் முதல் வேலை. பிடித்தால்தான் எது என்று தெரியும். எது என்று தெரிந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அது தெரிந்த பிறகு பாதி நேரம் மருந்தே தேவைப்படாது. ஸ்பிரே அடித்தால் கண்ணெதிரே ஒரு பூச்சி செத்து விழுகிறது. கூடவே அது வந்த வழியைப் பற்றிய துப்பும் போய்விடுகிறது.

இரண்டு கரப்பான்

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கரப்பான்தான். ஒன்று, கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக, சமயத்தில் பறந்து முகத்தில் மோதி வீட்டையே கூச்சலிட வைப்பது. அமெரிக்கக் கரப்பான் என்பார்கள்; ஆனால் அதன் தாய்நாடு ஆப்பிரிக்கா. அது வாழ்வது சாக்கடையில், கழிவுநீர்த் தொட்டியில். வீட்டுக்குள் வருவது விருந்தாளியாக. இன்னொன்று அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. இது ஜெர்மன் கரப்பான். இது சாக்கடைக்குப் போவதில்லை. பிரிஜ்ஜின் மோட்டார்ச் சூட்டிலும், மிக்ஸியின் அடியிலும், கேஸ் அடுப்பின் குமிழ்களுக்குப் பின்னாலும், சுவிட்ச் பெட்டிக்குள்ளும் குடும்பம் நடத்துகிறது. பெரியது ஒரு முட்டைப்பையில் பதினைந்து முட்டை வரை வைத்து எங்காவது போட்டுவிட்டுப் போய்விடும். சின்னது முப்பது, நாற்பது முட்டை கொண்ட பையைப் பொரியும்வரை வயிற்றோடு சுமந்து திரியும்.

முதல் வகைக்குத் தேவை கொத்தனாரும் பிளம்பரும். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் இருக்கும் நானி டிராப்பில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் கதவு. செலவை மிச்சம் பிடிக்க டிராப் இல்லாமலே குழாயை நேராக இறக்கிவிட்ட கட்டடங்கள் எத்தனையோ. டிராப் இருந்தும் புழங்காத குளியலறையில் தண்ணீர் வற்றிவிடும். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பூட்டிய வீட்டில் இத்தனை கரப்பான் எப்படி வந்தது என்று திகைப்பார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள், உண்மைதான்; தரையில் இருந்த கதவு காய்ந்து திறந்துகொண்டது. வாரம் ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்ற பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் போதும்.

இரண்டாவது வகைக்குக் கொத்தனாரால் பயனில்லை. அதற்கு இடுக்கு இடுக்காகப் புள்ளிவைக்கும் ஜெல்தான் சரி. தின்ற பூச்சி கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்ற குஞ்சுகளும் சாகும். ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் அடித்தால், அந்த நெடிக்கு ஒதுங்கிப் பூச்சி ஜெல் பக்கமே வராது. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டுப் போகும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர், ஐந்து நிமிடத்தில் எல்லா மூலையிலும் பீய்ச்சிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்ன பூச்சி என்று இதுவரை ஒரு வீட்டிலும் கேட்டதாகத் தெரியவில்லை.

எது என்று தெரிந்துகொள்ள வழி மிகச் சுலபம். வாய் அகன்ற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. உள்ளே கனிந்த வாழைப்பழத் துண்டு. பாட்டிலின் உள்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின். வெளிப்புறம் ஏறுவதற்குப் பிடிமானம் வேண்டும் என்பதால் செய்தித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட வேண்டும். இரவு பாத்திரமெல்லாம் கழுவி, மேடையைத் துடைத்த பிறகு சுவரை ஒட்டி வைக்க வேண்டும். நடுத்தரையில் வைத்தால் வராது, கரப்பானுக்குச் சுவரோரம்தான் நெடுஞ்சாலை. காலையில் பாட்டிலில் விழுந்தவை ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றினால் கதை முடிந்தது. அதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பெரியவை ஒன்றிரண்டு மட்டும் என்றால் சாக்கடை வழியைத் தேட வேண்டும். சின்னவை, அதிலும் இறக்கை முளைக்காத குஞ்சுகள் என்றால் கூடு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பாட்டிலை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால், எந்த மூலையில் அதிகம் விழுகிறதோ அங்கேதான் வேலை. கடையில் கிடைக்கும் ஒட்டு அட்டையும் இதைத்தான் செய்கிறது, வாழைப்பழம் மலிவு.

பெயரில் ஜெர்மனி இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1767இல் லின்னேயஸ் தனக்குக் கிடைத்த ஜெர்மனி மாதிரியை வைத்து அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். பல நாடுகளில் பிடித்த கரப்பான்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வு, இந்தப் பூச்சி சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மரில், ஆசியக் கரப்பான் என்ற காட்டு இனத்திலிருந்து பிரிந்து வந்தது என்கிறது. மேற்கே அரபு வணிகத்தோடும் படைகளோடும் போனது. பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் உலகம் சுற்றியது. மனிதன் வீடு கட்டிக் குடியிருந்ததால் உருவான பூச்சி அது. காட்டில் விட்டால் இன்று பிழைக்காது.

அப்படி நம்மோடு ஒட்டி வாழக் கற்றது, நம் மருந்தோடும் வாழக் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை. மருந்தோடு குளுக்கோஸ் சேர்த்து வைத்த இரையைச் சில கரப்பான்கள் சீண்டவே மறுப்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜூல்ஸ் சில்வர்மேன் 1990களின் தொடக்கத்தில் எழுதினார். ஏன் என்பதற்கு விடை 2013இல் வந்தது: அந்தக் கரப்பான்களுக்கு இனிப்பு, கசப்பாகத் தெரிகிறது. இனிப்பை விரும்பியவை எல்லாம் செத்துப்போக, நாக்கு மாறிப் பிறந்தவை பெருகிவிட்டன. 2019இல் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் அமெரிக்காவின் அடுக்குமாடி வீடுகளில் மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். கூட்டம் குறையவில்லை, இதுவரை படாத மருந்துக்கும் சேர்த்து எதிர்ப்புச் சக்தி பெற்ற வாரிசுகள் ஒரே தலைமுறையில் வந்தன. அதே ஆண்டு வட கரோலினாவில் நடந்த இன்னோர் ஆய்வில், அறையைப் பூட்டிவிட்டு வெடிக்கவைக்கும் புகை டப்பாக்கள் கரப்பானை ஒன்றும் செய்யவில்லை. சமையல் மேடையில் மருந்துப் படலத்தை மட்டும் நன்றாகப் படியவிட்டன.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஸ்பிரே பட்ட கரப்பான் எங்கே போய்ச் சாகிறது? அலமாரிக்குப் பின்னால், கூடையின் அடியில். அங்கேயே உலர்ந்து பொடியாகிறது. அந்தப் பொடியும் எச்சமும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, கரப்பான் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் அதே கரப்பான் மிகுந்த வீட்டில் வளர்ந்தால் மூன்று மடங்குக்கும் அதிகமாக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்ததைக் காட்டியது. பிடித்து வெளியே போடுவதும் இடுக்கைத் துடைப்பதும் அருவருப்பு பார்க்கும் சமாசாரம் மட்டுமில்லை.

புழுவைப் பிடித்தவர்கள்

கொசு விஷயத்தில் இந்த அறிவு நம் அரசிடமே இருக்கிறது. வீடு வீடாக வரும் டெங்குக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கையில் டார்ச்சும் அபேட் மருந்துப் பாட்டிலும் வைத்திருப்பார்கள். அவர்கள் தேடுவது பறக்கும் கொசுவை அல்ல, நெளியும் புழுவை. தொட்டி மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, பிரிஜ்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டை உருவிப் பார்த்து, மணிப்பிளாண்ட் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். பல வீடுகளில் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறோம். ‘எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம்’ என்று சொல்லும் வீட்டில்தான் டெங்குக் கொசுவான ஏடிஸ் வளரும், ஏனென்றால் அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நாரை வைத்துத் தேய்க்க வேண்டும் என்கிறார்கள்.

நம் பாட்டிமார்கள் வலையடித்த சாப்பாட்டு அலமாரியின் நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். எறும்பு ஏறாமல் இருக்க இதைவிட நல்ல உத்தி இல்லை, மருந்தில்லை, நெடியில்லை. ஆனால் ஏடிஸ் கொசு பெருகும் இடங்களைச் சுகாதாரத் துறையினர் பட்டியலிடும்போது இந்த எறும்புக் கிண்ணமும் அதில் வருகிறது. பாட்டி வைத்தது என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் தீர்ந்தது. கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்தால் இன்னும் நல்லது.

புழு நிலையில் மடக்குவதில் தமிழ்நாட்டுக்கு ஓர் அழகான முன்னுதாரணம் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அசுத்தத் தண்ணீரில் வளர்வது. திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் கிணறுகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் தண்ணீர்மேல் பாயாக மிதந்தன. மேலே வந்து மூச்சுவிட முடியாமல் புழுக்கள் செத்தன. தாய்க்கொசு முட்டையிட இடம் கிடைக்காமல் திரும்பிப்போனது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, மாத்திரையோடு மணியும் போட்ட ஊர்களில் பலன் நீடித்தது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையிலேயே இந்த முடிவுகள் வெளியாயின. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி ஆய்வு மையமும் 1980களில் அந்த நகரத்தில் சாக்கடையைச் சீர்செய்து, குழிகளை மூடி இதே பாதையில்தான் போனது. இவற்றை நம் வார்டு கவுன்சிலர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது புகை வண்டி. புகை அடித்தால் வாக்காளர் கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் பறக்கும் கொசு சாகும். வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருப்பதும் தொட்டியில் நெளிவதும் சௌக்கியமாக இருக்கும்.

வீட்டுக்குள் நாம் வாங்கி வைக்கும் சரக்கின் கதையும் இதேதான். ஜப்பானில் உயெயாமா என்ற வியாபாரி சாமந்தி இனப் பூவின் பொடியில் கொசுவர்த்தியைச் செய்தார். குச்சியாக இருந்தது சீக்கிரம் எரிந்துவிடுகிறதே என்று யோசித்து, சுருளாக்கச் சொன்னவர் அவர் மனைவி யூகி. 1902இல் கடைக்கு வந்த அந்தச் சுருள் நூறாண்டுக்கு மேலாக நம் தூக்கத்தைக் காத்துவருகிறது. கூடவே புகையையும் தருகிறது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றிவைக்கிறோம். நீல விளக்குப் பொறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1996இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் டெலவேரில் வீட்டுத் தோட்டங்களில் தொங்கிய அந்த விளக்குகளில் செத்தவற்றை எண்ணினார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதரைக் கடிப்பவை 31. கொசு நம் மூச்சுக்காற்றையும் வியர்வையையும் மோப்பம் பிடித்து வருவது, விளக்கைப் பார்த்து அல்ல. கொசு மட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது, நெடியில்லை, அந்தப் படபடச் சத்தத்தில் ஒரு கொடூர சுகமும் இருக்கிறது. சன்னலுக்கு வலை, படுக்கைக்கு வலை, கையில் மட்டை, வாரம் ஒருநாள் தொட்டிக்கு நார் என்று இருந்துவிட்டால் வேறெதற்கும் பெரிதாக வேலையில்லை.

அரிசிக்குள் ஒரு குழாய்

பூச்சியின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு அதைக் கொண்டே பிடிப்பதற்குக் கோயம்புத்தூரில் ஒருவர் வழி கண்டார். அரிசி வண்டு மூட்டைக்குள் ஓரிடத்தில் சும்மா இருக்காது; காற்றுள்ள பக்கம் தேடி அலைந்துகொண்டே இருக்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் எஸ். மோகன் இந்த அலைச்சலைப் பயன்படுத்தினார். இரண்டு மில்லிமீட்டர் துளைகள் நிறைந்த ஒரு குழாய், அதன் அடியில் கூம்பு, கூம்புக்குக் கீழே ஒரு குடுவை. அரிசிக்குள் செருகிவைத்தால், துளை வழியே காற்றைத் தேடி நுழையும் வண்டு நேராகக் குடுவைக்குள் விழும், ஏறிவர முடியாது. அரிசிமணி உள்ளே வராது, ஏனென்றால் துளை அதைவிடச் சிறியது. அடுத்தகட்டமாக, துளைபோட்ட உள்பாத்திரமும் சேகரிக்கும் அடிப்பாகமும் கொண்ட கொள்கலன்களையே பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். அரிசியைக் கொட்டி மூடினால் வண்டு தானாகவே வெளியேறிச் சிக்கிக்கொள்ளும்.

நம் வீடுகளில் இது எத்தனை இடத்தில் இருக்கிறது? அரிசியில் நாலு வண்டு தெரிந்தால் முறத்தில் புடைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போடுகிறோம். காய்ந்த மிளகாய், வசம்பு, வேப்பிலை போடுகிறோம். வெயிலில் காயப்போடுவது நல்ல முறைதான். சூடு தாங்காமல் வண்டு ஓடிவிடும். ஆனால் மொட்டைமாடிக்குச் சாவி இல்லாத குடியிருப்புகளில் மிளகாயையும் வசம்பையும் நம்பித்தான் ஓட்டுகிறார்கள். ஆய்வகத்தில் பிறந்து, செய்முறை எளிதாகி, விலையும் கட்டுப்படியாகக்கூடிய ஒரு பொருள், ரேஷன் கடையில் அரிசியோடு சேர்த்து விற்கப்பட வேண்டியது, விவசாயக் கண்காட்சி ஸ்டாலில் நின்றுவிட்டது. பூச்சி ஸ்பிரேக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் உண்டு. துளைபோட்ட குழாய்க்கு யார் விளம்பரம் செய்வார்கள்? ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும் பொருளில் வியாபாரிக்கு என்ன லாபம்?

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று ஊரில் கேட்பார்கள். சில நேரம் நாம் செய்வது ஏறக்குறைய அதுதான். டிடிடி வந்து சில ஆண்டுகளுக்குள், 1940களின் கடைசியிலேயே, அதற்கு அசையாத மூட்டைப்பூச்சிகளை ஹவாயில் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு ஹாஸ்டல், மேன்ஷன், ரயில் பெட்டி என்று திரியும் மூட்டைப்பூச்சிக்கு நம் கடைச்சரக்குகளில் பல உறைப்பதே இல்லை. அதற்குச் சூடு ஆகாது. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். கயிற்றுக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றியதும், மெத்தையைக் கத்தரி வெயிலில் போட்டுத் தட்டியதும் அறியாமல் செய்த வேலைகள் அல்ல. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் கட்டிலைச் சுற்றிப் பீன்ஸ் இலைகளைப் பரப்பிவைப்பார்களாம். இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்கொக்கிகள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் இலையை வாரி எரிப்பார்கள். கலிபோர்னியாவிலும் கென்டக்கியிலும் உள்ள ஆய்வாளர்கள் 2013இல் நுண்ணோக்கியில் அதைப் பார்த்து உறுதிசெய்தார்கள். அந்தக் கொக்கியைப் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்து, இலை அளவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதே மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் நம்மூரில் வீடு வீடாக அடித்த மருந்து நுவான். அதிலிருக்கும் டைகுளோர்வாஸை இந்திய அரசு 2018இல் தடைப்பட்டியலில் சேர்த்து, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அறவே நிறுத்தச் சொன்னது. அதுவரை எத்தனை தொட்டில் காலில் அது அடிக்கப்பட்டது என்பதற்குக் கணக்கில்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மருந்துப் பொட்டலத்திலும் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பென்றால் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. வீட்டில் மருந்து அடிக்க வருபவரிடம் பொட்டலத்தைக் காட்டச் சொல்லி அந்த நிறத்தைப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. அவர் தனியாக ஒரு பாட்டிலில் கலந்து எடுத்துவந்திருப்பார். பார்க்கவும் ஒன்றும் இருக்காது. சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் எலிக்கு வைத்துவிட்டுப்போன மருந்தின் நெடியில், அந்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அது எலிக்கு வைத்த மருந்து என்றாலும் வந்த ஆட்களும் வேலை நடக்கும் விதமும் ஒன்றுதான். இவர்களுக்கு உரிமம் வழங்குவது வேளாண்மைத் துறை. வயலுக்கும் உரக்கடைக்கும் அலையவே நேரம் போதாத அலுவலர்கள், மூன்றாவது மாடிப் படுக்கையறையில் என்ன தெளிக்கிறார்கள் என்று எப்போது வந்து பார்ப்பார்கள்?

வயலில் சிலந்திக்குக் கொடுக்கும் மரியாதையை வீட்டிலும் கொடுக்கலாம். ஸ்பிரேக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் கிடையாது. டியூப்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லி இரவெல்லாம் நமக்காகத்தான் உழைக்கிறது. வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சன்னலில் உட்காரும் கருப்புக் குளவி, கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை இடுவது. அதன் புழு உள்ளே இருக்கும் முட்டைகளைத் தின்று வளரும். பச்சையாக மின்னும் இன்னொரு குளவி, கரப்பானின் தலையில் கொட்டி மயக்கி, உணர்கொம்பைப் பிடித்துத் தன் பொந்துக்கு நடத்திக்கொண்டு போகும். மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, கலைக்காமல் விடுவது கிராமத்து வழக்கம். மருமகள்களுக்கு அது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். குளவிக்கு அது பாதுகாப்பாக இருந்தது.

வழிதவறி உள்ளே வருகிற தேனீ, தும்பி, அந்துப்பூச்சிக்கு ஒரு கண்ணாடித் தம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையும் போதும். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது தம்ளரைக் கவிழ்த்து, பத்திரிகையை மெல்ல அடியில் நுழைத்து, சன்னலுக்கு வெளியே விடலாம். சுவர்ப் பொந்தில் தேனீ குடியேறிவிட்டால் தீப்பந்தத்தோடு கிளம்பத் தேவையில்லை. மார்த்தாண்டம் பக்கம் போனால் அந்தப் பொந்துத் தேனீயை அடையோடு எடுத்துப் பெட்டியில் வைத்துக் குடும்பமே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்த நியூட்டன் பாதிரியார், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்து ஆட்களைப் பழக்கியவர். மழை விட்ட மாலையில் ஈசல் மொய்த்தால் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசலில் ஒன்றை மட்டும் எரியவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். விழுந்ததை வாரி, இறக்கையைப் புடைத்து, வறுத்துப் பொரியோடு தின்ற ஊர்கள் நம்முடையவை. நகரத்தில் அதற்கும் ஸ்பிரேதான்.

தனிமனிதர் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வாடகை வீட்டில் நானி டிராப்பை மாற்றுவது யார் செலவு? வாடகைக்காரர் 200 ரூபாய் ஸ்பிரே வாங்கத்தான் செய்வார். தரையை உடைக்க அவருக்கு உரிமையில்லை. கிணறும் மேல்நிலைத் தொட்டியும் கொசு புகாதபடி மூடியிருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பவர்மீது நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கழிவுக்குழாய் வாயில் டிராப் இருக்கிறதா, சன்னலுக்கு வலைச்சட்டம் இருக்கிறதா என்பதையும் பணி நிறைவுச் சான்றுக்கு முன் பார்ப்பதில் என்ன கஷ்டம்? வீடு கட்டும்போது ஆகிற செலவு சொற்பம். பிறகு முப்பது ஆண்டு மருந்து வாங்கும் செலவு குடியிருப்பவர் தலையில்.

பூச்சி ஒழிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் குடியிருப்புச் சங்கங்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம்: முதல் வருகையில் மருந்தே கூடாது. ஒட்டு அட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போகட்டும். மூன்று நாள் கழித்து வந்து, எந்த வீட்டில் எந்தப் பூச்சி எத்தனை விழுந்தது என்று எழுதிக் கொடுக்கட்டும். அதைப் பார்த்த பிறகு பணம் பேசலாம். அரசுப் பக்கம் இன்னும் சுலபம். வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தெருவில் எந்த வீட்டுச் சம்ப் மூடி உடைந்திருக்கிறது, எந்தச் சாக்கடை நிரம்பி நிற்கிறது என்று பொறியாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுப்பது சுகாதாரப் பிரிவின் பதிவேட்டோடு நிற்கிறது. சாக்கடையைச் சீர்செய்ய வேண்டிய பொறியியல் பிரிவுக்குப் போவதில்லை. ஒப்பந்தத்தில், தினக்கூலிக்கு வேலை பார்க்கும் அவர்களின் கூலி உயர்வுக் கோரிக்கையும் பணி நிரந்தரக் கோரிக்கையும் ஆண்டுதோறும் மனுவாகவே இருக்கின்றன. புகை வண்டிக்கான டீசலுக்கு மட்டும் ஒருபோதும் தட்டுப்பாடு வருவதில்லை.